பாதியில் திரும்பாத வண்டி

பரசுராமனுக்கு வழி கேட்பது பிடிக்காது. டிரைவராக இருந்துகொண்டு இன்னொருவரிடம் வழி கேட்பதைவிட வண்டியை விற்றுவிட்டு மாடு மேய்க்கலாம் என்பார். ஒருமுறை பெங்களூர் விமான நிலையத்தை யாரையும் கேட்காமல் அவரே தேடிக் கண்டுபிடித்தார். விமானம்தான் அதுவரை காத்திருக்கவில்லை.

நான் அவர் வீட்டு மாடியில் பல வருஷமாகக் குடியிருக்கிறேன். கூட்டுறவு வங்கியில் வேலை. கீழ் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் எனக்குத் தெரியும். ஒட்டுக் கேட்கிற பழக்கம் எனக்கில்லை. அந்த வீட்டில் மெதுவாகப் பேசும் பழக்கம் அவர்களுக்கில்லை.

அவருக்குச் சொந்த ஊர் அடி அண்ணாமலை. பாகம் பிரித்தபோது அண்ணன்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டார்கள், இவர் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு டவுனுக்கு வந்துவிட்டார். அரிசி மில் முதலாளி ஒருவருக்குக் கார் ஓட்டியே தலை நரைத்தது. முதலாளி போய்ச் சேர்ந்தார், மகன்கள் காரைத் தாங்களே ஓட்டிக்கொண்டார்கள். இனி எவன் வீட்டு வாசலிலும் சாவிக்குக் காத்து நிற்பதில்லை என்று பரசுராமன் அன்றே முடிவு செய்தார். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கும் வெளிநாட்டுக்காரர்களைச் சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் கொண்டுபோய் விட்டால் பிழைப்பு ஓடும் என்பது கணக்கு. அதற்கு ஒரு பழைய டீசல் வண்டியைப் பார்த்தார். ஏற்கனவே டாக்ஸியாக ஓடி, நாலு ஊர் தண்ணீர் குடித்த வெள்ளை வண்டி.

வாங்கும் முன் மச்சினனைக் கூட்டிப்போனது அவர் செய்த நல்ல காரியம். அவன் சொன்னதைக் கேட்காமல் வந்ததுதான் கெட்ட காரியம்.

மச்சினன் மணிவேல் அவர் மனைவி ரேணுகாம்பாளின் தம்பி. செங்கம் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். ரேணுகாம்பாள் இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை; இன்றைக்கும் அவன் சாப்பிட்டானா என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. வண்டியை விற்பவர் வீட்டில் அவன் எஞ்சினை முழுக்க ஆறவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பானெட்டுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டிருக்கிறான். புரோக்கர், விற்பவர், விற்பவரின் மாமியார் எல்லோரும் நிற்கையில் சொல்லியும்விட்டான்.

"வேணாம் மாமா. டைமிங் செயின் தொய்ஞ்சு போயிருக்குது. மூணு மாசம் தாங்காது."

எஞ்சினுக்குள் ஒரு சங்கிலி இருக்கிறதாம். கீழே பிஸ்டனை ஏற்றி இறக்கும் தண்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டையும் அதுதான் தாளம் தவறாமல் சேர்ந்து சுற்றவைக்கிறது. தொய்ந்தால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் கடகடக்கும். அறுந்தால் பிஸ்டனும் வால்வும் உள்ளேயே ஒன்றோடொன்று மோதி எஞ்சின் வீணாகிவிடும். இதெல்லாம் எனக்குப் பிறகு மணிவேல் சொன்னது.

மணிவேல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் பரசுராமன் கேட்டிருக்கலாம். நாலு பேர் எதிரில் சொன்னதும் அவருக்குச் சுருக்கென்றுவிட்டது.

"நீ வண்டியக் கழட்டிப் பாத்தவன். நான் ஓட்டிப் பாத்தவன். எனக்குத் தெரியாதா?"

"அப்போ ஓட்டுங்க. நீங்களா உங்க வாயால கூப்புடற வரைக்கும் இந்த வண்டிய நான் தொட மாட்டேன்."

"நீ தொட்டாத்தானே?"

இவ்வளவுதான் சண்டை. இரண்டு பேருக்கும் பிடித்தால் குரங்குப்பிடி. அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது, போக்குவரத்தும் நின்றது. தீபாவளிக்கு ரேணுகாம்பாள் மட்டும் ஒரு தூக்கில் பலகாரம் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் தம்பி வீட்டுக்குப் போய்வருவாள்.

மூன்று மாதம் கழிந்தது. வண்டி ஓடியது. ஒரு வருஷம் ஆனது, அப்போதும் ஓடியது. பரசுராமன் பார்க்கிறவரிடம் எல்லாம் "மூணு மாசம்னான்" என்று ஆரம்பிப்பார். பால்காரருக்கு அந்தக் கதை மனப்பாடம். ஆனால் சங்கிலியின் சத்தம் ஜாஸ்தியாகிக்கொண்டே வந்தது. நடுவில் எந்த மெக்கானிக்கிடம் விட்டிருந்தாலும் ஒரே நாளில் மாற்றிக் கொடுத்திருப்பான். மாற்றினால் மணிவேல் சொன்னது சரி என்று ஆகிவிடுமே. அதனால் பரசுராமன் வேறு ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்பே பாட்டுப் பெட்டியை உரக்க வைத்துவிடுவார். பக்திப் பாட்டுக்குப் பின்னால், டப்பாவில் துவரம்பருப்பைக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் என் படுக்கையறைவரை வரும். எஞ்சின் கொஞ்சம் சூடானதும் அடங்கிவிடும், பாட்டையும் குறைத்துவிடுவார்.

இந்த நிலையில் அவர்கள் மகள் அபிநயாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சென்னையில் வேலை பார்க்கிற பெண், போளூர் மாப்பிள்ளை, ஆவணியில் முகூர்த்தம். வீடு முழுக்கச் சந்தோஷம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ரேணுகாம்பாளுக்கு அன்றிலிருந்தே தூக்கம் போய்விட்டது. இங்கே முதல் பத்திரிகை சாமிக்கு, அடுத்தது தாய்மாமனுக்கு. பெண்ணைக் கைபிடித்து மேடைக்கு அழைத்து வருவது முதல் மாலை எடுத்துக் கொடுப்பதுவரை தாய்மாமன் இல்லாமல் ஒன்றும் நகராது. அந்தத் தாய்மாமன் செங்கம் ரோட்டில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"என் தம்பி மேடையேறலன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நிப்பேன்?" என்றாள் ஒருநாள். மாடிவரை கேட்டது.

"நான் என்னா வேணாம்னா சொன்னேன்? பத்திரிகைய தபால்ல போடு."

தாய்மாமனுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்புவது வராதே என்று சொல்வதற்குச் சமம். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, கணவனும் மனைவியும் ஜோடியாகப் போய்த்தான் கொடுக்கவேண்டும். பரசுராமனுக்கு இது தெரியாமல் இல்லை.

பத்திரிகை வந்ததும் ஒரு நல்ல நாள் பார்த்துக் கோயிலுக்குப் போனோம். "நீங்களும் வாங்கக்கா" என்று ரேணுகாம்பாள் என்னையும் கூப்பிட்டாள். அண்ணாமலையார் சன்னிதியில் முதல் பத்திரிகையை வைத்துக் கும்பிட்டுவிட்டு, வண்டியிலேயே மலையைச் சுற்றி வந்து, பிறகு மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பிப்பது என்று ஏற்பாடு. சன்னிதியில் கும்பிட்டு முடித்து வண்டியில் ஏறியபோது ரேணுகாம்பாள் மடியில் ஒரு தாம்பாளம் இருந்தது. தேங்காய், பழம், வெற்றிலை, மேலே ஒரு பத்திரிகை. அது யாருக்கு என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

செங்கம் ரோட்டில் மணிவேலின் ஷெட் வந்தது. அவன் வாசலில் ஒரு டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். எங்கள் வண்டியைப் பார்த்தான், உடனே டம்ளருக்குள் பார்த்தான்.

"நிறுத்துங்க" என்றாள் ரேணுகாம்பாள்.

"சுத்திட்டு வந்துடலாம். மொதல்ல சாமி காரியம் முடியட்டும்."

அவள் தாம்பாளத்தில் சரிந்த தேங்காயை நேராக வைத்தாள். சாமியைக் காட்டித் தப்பிக்கிற ஆண்களை நான் வங்கியிலும் நிறையப் பார்த்திருக்கிறேன், எனக்கு எரிச்சலாக வந்தது.

மெயின் ரோட்டை விட்டுக் கிரிவலப் பாதையில் திரும்பிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். எஞ்சின் நன்றாகச் சூடாகிவிட்டது, ஆனால் காலையில் வரும் அந்தச் சத்தம் மறுபடி வந்தது. இந்தத் தடவை அடங்கவில்லை. பரசுராமன் பாட்டை ஏற்றினார். ரேணுகாம்பாள் கையை நீட்டி அதை நிறுத்தினாள். வண்டிக்குள் கடகடவென்று அந்தச் சத்தம் மட்டும் இருந்தது.

"வண்டியத் திருப்புங்க. மணி கடை பக்கத்துலதானே இருக்குது."

"பாதியில திரும்பக் கூடாது. கிரிவலம் வர்றோம், தெரியுதா?"

"நேத்து அந்த ஜெர்மன்காரம்மாவ ஏத்திக்கினு எதிர்ப்பக்கமாத்தானே வந்தீங்க?"

"அது சவாரி. இது கிரிவலம். கல்யாண காரியத்துல அபசகுனமா எதிர்ப்பக்கம் திரும்பச் சொல்றியா?"

மலையை வலமாகத்தான் சுற்றவேண்டும், தொடங்கினால் பாதியில் திரும்பக் கூடாது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நானும் அப்படித்தான் சுற்றுவேன். ஆனால் அன்று அவரைத் தடுத்தது பாவத்துக்குப் பயந்த பயம் இல்லை. மணிவேலின் ஷெட் வாசலில் கடகடக்கிற வண்டியோடு போய் நிற்கவேண்டுமே என்ற பயம். மலை வாயைத் திறந்து மறுக்காது என்று தெரிந்து அதைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டார்.

அடி அண்ணாமலையைத் தாண்டினோம். அண்ணன் வீட்டுப் பக்கம் ஹாரன் அடித்துவிட்டுப் போகிற வழக்கம், அன்று அடிக்கவில்லை. வாயுலிங்கம் கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் ஒரு இழுப்பு இழுத்து நின்றது. ஓரம்கட்டினார். அவர் டிரைவர், எனவே அவருக்குத் தெரியும்: செயின் சத்தத்தோடு நின்ற எஞ்சினை மறுபடி சுற்றவிடக் கூடாது. ஒரு தடவைகூடச் சாவியைத் திருப்பாமல் ஸ்டியரிங்கில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அதுவரை சரி.

ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெரிய கூட்டம் நடந்து வந்துகொண்டிருந்தது. மஞ்சள் வேட்டி, தோளில் துண்டு. குங்குமம் வைத்த வண்டி, மடியில் தாம்பாளத்தோடு ஒரு அம்மாள் என்று பார்த்ததும், யாரும் கேட்காமலே பின்னால் போய்க் கை வைத்துவிட்டார்கள். "அருணாச்சல சிவா!" என்று ஒருவர் குரல் கொடுத்தார், எல்லோரும் தள்ள ஆரம்பித்தார்கள். சாமி பேரைச் சொல்லிக் கை வைத்தவர்களை வேண்டாம் என்று சொல்ல இந்த ஊர்க்காரன் எவனுக்கும் வாய் வராது. பரசுராமன் வாயைத் திறந்தார், மூடினார். வண்டி உருண்டது. பின்னால் அவ்வளவு பேர் மூச்சுவாங்கத் தள்ளும்போது சும்மா உட்கார்ந்திருக்க அவருக்கு வெட்கமாகவும் இருந்திருக்கும். இரண்டாவது கியரைப் போட்டுக் கிளட்சை விட்டார்; உருண்ட சக்கரம் எஞ்சினைச் சுற்றியது.

உள்ளே ஏதோ உடைந்தது. வண்டி குலுங்கி நின்றது, நான் முன் சீட்டில் முட்டிக்கொண்டேன். தள்ளியவர்கள் இன்னொரு தடவை தள்ளட்டுமா என்று தெலுங்கில் கேட்டார்கள். பரசுராமன் கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு நடையைத் தொடர்ந்தார்கள்.

ரேணுகாம்பாள் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"மணி, வண்டி நின்னுடுச்சுடா. வாயுலிங்கத்துக்கிட்ட."

அந்தப் பக்கம் ஸ்பேனரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"மாமா பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு."

"அவரு கூப்புடட்டும்கா."

அவள் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் இறங்கிப்போய், சுத்தமாக இருந்த முன் கண்ணாடியைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். அவளும் இறங்கிப்போய் அங்கே போனை நீட்டினாள். அவர் பக்கக் கண்ணாடிக்கு நகர்ந்தார். கை வலித்திருக்கும், ஆனாலும் அவள் இறக்கவில்லை. துடைக்க வேறு கண்ணாடி இல்லாமல்போனபோது அவர் நின்றார்.

"மணி" என்றார். பிறகு, "வா" என்றார்.

"வர்றேன் மாமா."

ஷெட்டில் நின்ற ஒரு பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். கயிறு கொண்டுவந்திருந்தான். யாருடைய முகத்தையும் பார்க்காமல் பானெட்டைத் தூக்கிப் பார்த்தான், மூடினான்.

"இப்படியே சுத்திக்கினு போனா டவுனுக்குள்ள கட்டி இழுக்க முடியாது. வந்த வழியே போயிடலாமா மாமா?"

பரசுராமன் தலையை ஆட்டினார். வண்டியைத் திருப்பினார்கள். நானும் ரேணுகாம்பாளும் பிக்கப்பில் மணிவேலுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டோம். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் கல்லு மாதிரி இருக்கும்; பரசுராமன் அதை மிதித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கயிற்றின் பின்னால் வந்தார். எதிரே கூட்டம் கூட்டமாகச் சனம் கும்பிட்டபடி வலம் வந்துகொண்டிருந்தது. அவர்கள் எல்லோரும் ஒதுங்கி வழிவிட, நாங்கள் மலையை இடமாகச் சுற்றிப் போனோம். அடி அண்ணாமலையில் அவர் அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பரசுராமன் நேராக ரோட்டையே பார்த்தார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஷெட்டில் மணிவேல் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினான். உள்ளே வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர்கள் உடைந்து துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தன. ஒரு கம்பியை விட்டுச் சங்கிலியின் ஒரு முனையைத் தூக்கிக் காட்டினான்.

"மொதல்ல செயின் சக்கரத்துல பல்லு தாண்டிதான் நின்னிருக்கும். அப்படியே விட்டிருந்தா செயின மாத்தி ஓட்டியிருக்கலாம். தள்ளினப்போதான் அறுந்திருக்குது. வால்வும் போயிருக்கும். ஹெட்டக் கழட்டணும்."

"ரெண்டு வருஷம் ஓடிச்சு இல்ல?" என்றார் பரசுராமன். அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்டார்.

"ஓடிச்சு. நான் சொன்னது தப்புதான், போதுமா?" மணிவேல் கம்பியைக் கீழே போட்டான். அவன் குரல் ஏறியது. "தெனம் காலையில இந்த வாசலத் தாண்டித்தானே மாமா போறீங்க? எஞ்சின் சூடாகி சத்தம் அடங்கினாலும், பாட்ட வெச்சாலும் என் காதுக்குக் கேக்காதா? போன மாசத்துலருந்து சத்தம் மாறிப்போச்சு. இன்னிக்கு அறுந்துடும், நாளைக்கு அறுந்துடும்னு தெனம் கேட்டுக்கினேதான் உக்காந்திருந்தேன். எழுந்து வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கணும். நீங்க கூப்புடட்டும்னு இருந்துட்டேன்."

ரேணுகாம்பாள் தாம்பாளத்தோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் மாறியதை அவர்கள் இரண்டு பேரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன்.

"போன வாரம் அபிநயாவ அந்த வண்டியிலதான் சென்னையில கொண்டுபோய் விட்டோம்" என்றாள். "நானும் போனேன். லாரி லாரியா வர்ற ரோடு. நடுரோட்டுல நின்னிருந்தா?"

மணிவேல் குனிந்து கீழே கிடந்த கம்பியை எடுத்தான்.

"ஒருத்தருக்குத் தெரிஞ்சும் பாட்டு வெச்சு மூடினாரு. ஒருத்தனுக்குக் கேட்டும் வாயத் தொறக்கல. ரெண்டு பேருக்கும் பத்திரிக கெடையாது. பொண்ணப் பெத்தவ நான். மேடையில நானே நின்னுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருந்து வீம்புக்குச் சோறு போடுங்க."

வெளியே போய் ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். "வாங்கக்கா" என்று என்னையும் இழுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன். கதவைத் தட்டி ஆறுதல் சொல்லலாமா என்று யோசித்தேன்.

வெயில் ஏறியபிறகு ஒரு பைக் வந்து நின்றது. மணிவேல் ஓட்டி வந்திருந்தான், பின்னால் பரசுராமன். இரண்டு பேரும் கதவுக்கு முன்னால் வந்து நின்றார்கள். நீ கூப்பிடு என்று அவர் கண்ணைக் காட்டினார். இவன் தலையைக் குனிந்துகொண்டான். கடைசியில் பரசுராமன்தான் கதவைத் தட்டினார்.

"யாரு?"

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"தாய்மாமன அழைச்சிக்கினு வந்திருக்கேன். கதவத் தொற ரேணு."

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. அவள் கணவரைப் பார்க்கவே இல்லை. நேராகத் தம்பியிடம் போய், கரி படிந்த அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுக்கினே உக்காந்திருந்தியேடா" என்று சொல்லி அழுதாள்.